தடத்தை அடைத்துக் கட்டிய பூங்கா

நன்கொடை தர விரும்பும் ஒருவர் உங்கள் அலுவலகத்துக்குள் வந்தால் உட்கார வையுங்கள். காபி வாங்கிக் கொடுங்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். ஆனால் அவர் கிளம்பிப் போன சாயங்காலமே காகிதத்தை எடுத்துத் திட்டம் வரைந்துவிடாதீர்கள். நான் வரைந்தேன். அதனால் ஒரு பெண்ணின் கால் முறிந்தது.

ஏற்காட்டில் பூங்கா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் செடிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். டெண்டரும் பில்லும் பதிவேடும் ஆறு மாதத்தில் பழகிவிடும். யாரும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. ஒருவர் மனமுவந்து கொடுப்பதை எப்படி வாங்கிக்கொள்வது என்பதுதான் அது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் நான் அதிகம் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

அரசு ஒதுக்கும் பணம் எங்கே போகும் என்று இதற்குள் தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஏரியைச் சுற்றிப் போகும். கோடை விழாவுக்கும் பூத்தொட்டிகளுக்கும் போகும். வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடங்களுக்குப் போகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மலையில் பொது நிலம் என்று பெயர் வாங்கிய சிறு சிறு துண்டுகள் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றுக்கு வருடத்துக்கு ஒருமுறை புதர் வெட்டக் கூலி கிடைத்தால் பெரிது. அந்த மாதிரி இடங்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வெளியிலிருந்து யாராவது கை கொடுக்க வேண்டும். கொடுக்கவும் செய்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, கேட்காமலே கொடுக்க வருகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

மஞ்சக்குட்டைக்குப் போகும் ரோட்டை ஒட்டி, கீழே இறங்கும் சரிவில் அப்படி ஒரு நிலம் இருந்தது. நாலைந்து ஏக்கர் இருக்கும். மேலே ரோட்டோரத்தில் பஸ் நிற்கும் இடம். கீழே காபி எஸ்டேட்காரர்கள் ஒரு காலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். லயன் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் சில்வர் ஓக் மரங்கள், ஒரு பெரிய பாறை, பாறைக்கு அடியில் கோடையிலும் வற்றாத ஒரு ஊற்று. நான் பொறுப்பேற்றபோது உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. காரில் வந்து பாறைமேல் உட்கார்ந்து குடிப்பவர்கள் பாட்டிலை அங்கேயே உடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் சேலத்திலிருந்து மாதையன் என்ற பெரியவர் வந்தார். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி, கையில் மஞ்சள் பை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"ஏனுங்க மேடம், மஞ்சக்குட்டைத் தடத்துல ஒரு பாறை இருக்குதுங்களே, அது உங்க ஆபீசுக்குத்தான் பாத்தியமுங்களா?"

ஆமாம் என்றேன்.

"எங்க கல்யாண நாளுக்கு வருசா வருசம் நானும் என்ற ஊட்டுக்காரியும் அங்கதான் வருவோமுங்க. தக்காளிச் சோறு கட்டிக்கிட்டு வருவா. பாறைமேல உக்காந்து சாப்பிட்டுட்டுக் கடைசி பஸ்ஸுக்கு எறங்கிடுவோம். போன தையில அவ தவறிட்டா. இந்த வருசம் நான் மட்டும் வந்து பாத்தனுங்க. கால் வைக்க முடியல. அத்தனையும் கண்ணாடித் துண்டு. அவ பேருல ஏதாச்சும் பண்ணோணும்னு தோணுது. செலையெல்லாம் வேண்டாமுங்க. அந்த எடம் சுத்தமா இருந்தாப் போதும்."

கவனியுங்கள். அவர் கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சேர்த்தது.

எனக்குள் பல வருடமாகத் தேங்கிக் கிடந்த ஆசைகள் அன்றைக்கு மடை திறந்துகொண்டன. சுற்றிலும் கம்பி வேலி. மேலே வளைவு வைத்த கேட், அதில் அந்த அம்மாள் பெயர். உள்ளே சிமெண்ட் கல் பதித்த நடைபாதை, பாறையைச் சுற்றி வந்து மறுபடி கேட்டிலேயே முடியும். ரோஜாப் பாத்திகள், ஒரு சிறு நீரூற்று. மறுவாரமே வரைபடத்தோடு சேலத்துக்குப் போய் அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு வேணுமுங்களா?"

"வேலி இல்லாட்டிப் பாட்டில் நிக்காதுங்க ஐயா. பாதை போட்டாத்தான் நாலு பேர் வருவாங்க."

"நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா. அவ பேரு சரோஜாங்க. எழுத்துப் பிழையில்லாமப் போடுங்க, போதும்."

வேலை தொடங்கியது. எங்கள் அலுவலகத்தில் சின்னப்பன் என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். அந்தப் பக்கத்துக்காரர்தான். வேலிக்குக் கல்தூண் நட அளவு பிடித்துக்கொண்டிருந்த அன்று, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மேடம், இந்த எடத்துல ஒரு தடம் இருக்குதுங்க."

"அதுக்குத்தானே நல்ல தடமாப் போடறோம், சின்னப்பா?"

அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்துப் பிடிக்கப் போய்விட்டார். நான் இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். மேலே இருப்பவர் பதில் சொல்லி முடித்துவிட்டால் கீழே இருப்பவர் மறுபடி வாய் திறக்க மாட்டார். நாற்காலியில் உட்காருகிற எல்லோரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நிலத்துக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஜீப்பில், காலை பதினொரு மணிக்கு மேல், மூன்று மணிக்குள். அந்த நேரத்தில் அங்கே ஈ, காக்கை இருக்காது. ஆளில்லாத நிலம் என்று முடிவு கட்டிவிட்டேன். லயனில் இருக்கும் பெண்கள் காலை ஏழு மணிக்குள் ஏறிப் போய், பொழுது சாயும் நேரத்தில் இறங்கி வருகிறவர்கள். அந்த எஸ்டேட்டில் இப்போதெல்லாம் காய் பறிக்கும் மாதங்களில்தான் வேலை. மற்ற மாதங்களில் பஸ் ஏறி வேறு எஸ்டேட்டுகளுக்கும், அறை கூட்டித் துடைக்க ரிசார்ட்டுகளுக்கும் போனால்தான் அடுப்பு எரியும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பஸ் ஏறித்தான். அத்தனை பேரும் நடந்தது நான் வேலி போட்ட அந்தச் சரிவு வழியாகத்தான்.

வேலி முடிந்தது. கேட் வந்தது. பூட்டுப் போட்டுச் சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திறப்பு விழாவுக்கு முன்னால் யாராவது உள்ளே போய் அசுத்தம் செய்துவிடக் கூடாது அல்லவா. அதற்கிடையில் ஒருநாள் அலுவலகத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். மஞ்சக்குட்டை ரோட்டில், வளைவில், பனிமூட்டத்தில் ஒரு வேன் ஒரு பெண்ணை இடித்துவிட்டதாம். கால் போய்விட்டதாம். பாவம் என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு விழா அழைப்பிதழில் பெயர்களை வரிசைப்படுத்தப் போய்விட்டேன்.

விழா பத்து மணிக்கு. எட்டரைக்கே நான் அங்கே போனபோது கேட்டுக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது, முப்பத்தைந்து பேர் இருக்கும். தூக்குவாளியும் துணிப்பையுமாக, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. பனி இன்னும் விலகாததால் சிலர் தலையில் துண்டைப் போர்த்தியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வளைவின்மேல் துணி போட்டு மூடிய பெயர்ப்பலகை.

நான் நேராகப் போய் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஜீப்பிலேயே உட்கார்ந்து சேலத்திலிருந்து வரவேண்டிய மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

"விழா நேரத்துல இதென்ன கூத்து? ஸ்டேஷனுக்குச் சொல்லிக் கலைச்சு விடுங்க. பத்து நிமிஷ வேலை," என்றார்.

ஸ்டேஷன் எண் என்னிடம் இருந்தது. விரல் அதன்மேல்தான் இருந்தது. ஜீப்புக்கு வெளியே சின்னப்பன் நின்றுகொண்டிருந்தார். அவர் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாரே, அன்றைக்கு அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கினேன்.

முன்வரிசையில் தெரசா என்ற பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நான் கிட்டே போனதும் எழுந்து நின்றார்.

"நாங்க பூங்கா வேண்டாங்கலீங்க மேடம். நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. எங்க தடத்தை மட்டும் குடுத்துடுங்க."

"எந்தத் தடம்? எனக்குக் காட்டுறீங்களா?"

"வாங்க."

கேட்டைத் திறக்கச் சாவியை எடுத்தேன். பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள். தெரசா முன்னால் நடந்தார். நான் போட்ட சிமெண்ட் பாதையில் நாலு எட்டு வைத்துவிட்டு, ரோஜாப் பாத்தியைத் தாண்டி நேராகக் கீழே இறங்கினார். பாறையின் விலாவில் படி மாதிரி குழிகள் இருந்தன. உளியால் வெட்டியவை இல்லை. கால்கள் பட்டுப் பட்டுத் தேய்ந்தவை. எத்தனை தலைமுறைக் கால்களோ. நான் எத்தனையோ முறை அந்தப் பாறையைப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் அந்தக் குழிகள் தெரியாது.

கீழே போனதும் வேலி மறித்தது. கம்பியின் ஒரு முள்ளில் கிழிந்த நீலத்துணி ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடைத் துணி.

"மொதல்ல புள்ளைங்க கம்பிக்கு ஊடால பூந்து வந்தாங்க. ஒரு புள்ளைக்குக் கையில கீறிடுச்சு. அப்பறம் அல்லாரும் ரோட்டையே சுத்திப் போக ஆரம்பிச்சோமுங்க. ரெண்டு வளைவு. பனி எறங்குனா வண்டி வர்றது கண்ணுக்குத் தெரியாது. பழனியம்மா அங்கதான் உழுந்தா."

வேன் இடித்த பெண். ஒரு வாரத்துக்கு முன்னால் நான் பாவம் என்று சொன்ன பெண்.

வேலியோரமாகவே சுற்றி, ஊற்றுத் தண்ணீர் வெளியேறும் ஓடை வழியாகக் குனிந்து லயனுக்குப் போனோம். நல்ல புடவை கட்டியிருந்தேன், விழாவுக்காக. முழங்கால் வரை சேறு. பழனியம்மா வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலைக் கவிழ்த்த பக்கெட்டின்மேல் நீட்டியிருந்தார். மடியில் முறம், முறத்தில் கீரை. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். வேண்டாம் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் யார் என்று தெரசா சொன்னார்.

என்ன திட்டு வாங்கினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன். பழனியம்மா திட்டவில்லை.

"பூங்கா நல்லா வந்திருக்குதுங்களா? பூவெல்லாம் வெச்சிருக்கீங்கன்னு தெரசா சொன்னா. நான் இன்னும் பாக்கலீங்க."

முப்பது வருட வேலையில் மேலதிகாரிகளிடம் வாங்காத பேச்சு இல்லை. அந்த ஒரு கேள்வி குத்தியதைப் போல அவற்றில் எதுவும் என்னைக் குத்தியதில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து பெரியவருக்குப் போன் செய்தேன். குடும்பத்தோடு இரண்டு காரில் கிளம்பி, பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பேத்தி வாந்தி எடுத்ததால் வண்டியை ஓரங்கட்டி நின்றிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அங்கே ஜனங்கள் நடந்த தடம் இருந்தது, நான் விசாரிக்காமல் அடைத்துவிட்டேன், அதனால் ஒரு பெண்ணுக்கு அடிபட்டுவிட்டது, இப்போது அவர்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லாரி ஒன்று அவரைக் கடந்து போகும் சத்தம் கேட்டது.

"என்ற ஊட்டுக்காரி பேரச் சொல்லி ஒருத்தியோட காலை ஒடச்சிட்டீங்களே மேடம்," என்றார். குரலை உயர்த்தவில்லை. போன் நின்றுவிட்டது. வருகிறாரா, திரும்பிப் போகிறாரா என்று தெரியவில்லை.

இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். கொடுத்தவர் கோபத்தில் இருப்பார். மேலே இருப்பவர் வழியில் இருப்பார். கேட்டுக்கு முன்னால் இருப்பவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரிடம் கேட்டுச் செய்யலாம், இவர் வந்தபின் முடிவெடுக்கலாம் என்று மனம் ஒவ்வொரு கதவாகத் தட்டும். எல்லாம் தப்பிக்கிற வழிகள். என் கையால் அடைத்ததை என் கையால் திறக்காவிட்டால் அது எப்போதுமே திறக்காது என்று தோன்றியது.

"சின்னப்பா, கட்டிங் பிளேயர் இருக்குதா?"

"ஜீப்புலயே இருக்குதுங்க."

"கீழ வேலியில தடத்துக்கு நேராக் கம்பியை வெட்டுங்க. ரெண்டு பேர் ஒண்ணா நடக்கற அகலம்."

அவர் ஓடவில்லை, ஆனால் அத்தனை வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. பெண்களில் சிலர் கூடவே இறங்கினார்கள். முள்கம்பி ஒவ்வொன்றாக அறுபட்டு விலகுவதை மேலிருந்து பார்த்தேன். யாரும் கைதட்டவில்லை. தெரசா மட்டும் அறுந்த கம்பியைச் சுருட்டி, யார் காலிலும் குத்தாதபடி ஓரமாக ஒரு மரத்தடியில் வைத்தார்.

மேலதிகாரி வந்தார். கேட்டில் உட்கார்ந்திருந்த கூட்டத்தையும் கீழே வெட்டிய வேலியையும் பார்த்துவிட்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக எனக்கு மெமோ வரும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வந்தது. தவறு வேலியை வெட்டியதில் இல்லை, போட்டதில்தான் என்று பதில் எழுதினேன். அதற்காக அடுத்த பதவி உயர்வு ஒரு சுற்றுத் தள்ளிப் போனது. அதைப் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை.

பத்தே காலுக்குப் பெரியவரின் கார் வந்தது. இறங்கியவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பெண்களிடம் போனார்.

"அடிபட்ட அம்மா ஊடு எங்கீங்க இருக்குது?"

தெரசா கையைக் காட்டினார். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பாறைப் படிகளில் இறங்கினார். வழுக்கும், பார்த்துப் போங்க என்று இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பழனியம்மாவிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை. அரைமணி நேரம் கழித்து ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. பாறைமேல் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"அந்தத் துணியை எடுக்க வேண்டாமுங்க," என்றார் வளைவைக் காட்டி. "வளைவையே எடுத்துடுங்க. கேட்டும் வேண்டாம். வேலி வேணுமா, வேணும்னா எங்க வேணும்னு இந்த அம்மாளுங்க சொல்லட்டும். அவுங்க சொல்றபடி மறுபடி பண்ணுங்க. நான் இருக்கறன்."

விழா நடக்கவில்லை. வாங்கி வைத்திருந்த லட்டுகளைப் பெண்களிடமும் காரில் வந்தவர்களிடமும் கொடுத்தோம். மேலதிகாரிக்கும் ஒன்று போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிறவர்கள் போய் வந்து, சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவர்களும் திரும்பிய பிறகு, லயன் முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். பேனாவும் காகிதமும் என் கையில். அன்றைக்கு நான் எழுதினேன், அவ்வளவுதான். என்ன வேண்டும் என்று கேட்டதும் பெரிய பட்டியல் வரும் என்று நினைத்தேன். அவர்கள் முதலில் கேட்டது பாறையின் வழுக்கும் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. இரண்டாவது பஸ் நிற்கும் இடத்தில் மழைக்கு ஒரு கூரை. மூன்றாவதைச் சொல்லத் தயங்கினார்கள். தெரசாதான் சொன்னார்.

"மேல ஒரு கக்கூஸ் வேணுமுங்க. உள்ள தாழ் போடற மாதிரி. டூருக்கு வர்ற பொம்பளைங்களும் நொம்ப சங்கடப்படறாங்க. எங்ககிட்ட வந்துதான் கேக்கறாங்க, நாங்க எங்க போறது."

வேலியைப் பற்றிக் கேட்டபோது பழனியம்மா நாற்காலியிலிருந்தபடியே ஒன்று சொன்னார். பொழுது சாய்ந்தால் காட்டுமாடுகள் ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்க வரும். வேலி வந்தபிறகு வழி தெரியாமல் ரோட்டில் ஏறி நின்றுகொள்கின்றன. கிழக்குப் பக்கம் திறந்து விட்டால் அதுபாட்டுக்கு வந்து குடித்துவிட்டுப் போய்விடும். நான் படித்த படிப்பில் அது இல்லை; என் வரைபடத்திலும் இல்லை. கிழக்குப் பக்க வேலி முழுவதும் எடுக்கப்பட்டது. ரோட்டோரத்தில் மட்டும், கார்கள் உள்ளே ஏறாதபடி கல்தூண்கள் நிறுத்தினோம்.

பாட்டில் பிரச்சினை என்ன ஆனது என்று கேட்பீர்கள். வேலியால் தீராதது கூரையால் தீர்ந்தது. பஸ்ஸுக்கு எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பாட்டிலைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. திறந்தவர்களிடம் தெரசா பேசினார். அவர் பேசிக் கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

சிமெண்ட் கல்லைப் பெயர்த்தெடுத்து அதையே படிகளுக்குப் பயன்படுத்தினோம். கைப்பிடி, கூரை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் மாதையன் ஐயா மறுபடியும் செலவு செய்தார். ஆனால் அவர் மட்டும் இல்லை. லயனில் வீட்டுக்கு ஒருவர் வந்து ஒருநாள் கல் சுமந்தார்கள். சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்கள் குப்பைத் தொட்டிகள் வாங்கி வைத்தார்கள். கரடியூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் வந்து, உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கிய இடங்களில் நாவலும் பலாவும் நட்டுப் போனார்கள். நன்கொடை என்றால் ஒருவர் கொடுப்பது, மற்றவர் வாங்குவது என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சரிவில் யார் கொடுத்தவர், யார் வாங்கியவர் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு யார் நிதியோடு வந்தாலும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். விடிகாலையில் ஒருமுறை அந்த நிலத்துக்கு வர வேண்டும். அங்கே நடக்கிற ஒருவரோடு நடக்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று பேசுவோம். ஒரு நிறுவனத்துக்காரர் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் தங்கள் பெயரைப் பாறையில் எழுத அனுமதி கேட்டார். வாருங்கள், காலையில் பார்க்கலாம் என்றேன். அவர் வரவே இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டு வந்ததை மாற்றிக்கொண்டு போனார்கள். செயற்கை அருவி கட்ட வந்த ஒரு தம்பதி, இரண்டு ஊர்களுக்கு நடுவே மழைக்காலத்தில் மூழ்கிப்போகும் ஓடைக்குப் பாலம் கட்டிக் கொடுத்தார்கள். கொடுக்க வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எது தேவை என்று அவர்களுக்கு யாரும் காட்டாததுதான் குறை. காட்டுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் மாதையன் ஐயாவோடு ஒருநாள் மாலை அந்தக் கூரையின் கீழ் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அவர் இப்போதெல்லாம் காரில் வருவதில்லை. பஸ்ஸில்தான் ஏறி வருகிறார், பஸ்ஸில்தான் இறங்குகிறார். மழை பிடித்துக்கொண்டது. கீழிருந்து ஓர் இளம்பெண் கைப்பிடியைப் பிடித்துப் படியேறி ஓடி வந்தாள். லயனுக்குப் புதிதாக மருமகளாக வந்தவள் போலிருக்கிறது, நான் பார்த்ததில்லை. இடுப்பில் குழந்தை. நனைந்த தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே பெஞ்சில் நாங்கள் நனையாமல் உட்கார்ந்திருக்கிறோமா என்று பார்த்தாள்.

"இக்கட்ட வாங்கய்யா, அங்க சாரல் அடிக்கும்," என்று பெரியவரை உள்பக்கம் நகரச் சொன்னாள். "வெளியூருங்களா?"

"சேலமுங்க."

"நல்லவேளை, கூரைக்குள்ள உக்காந்திருக்கீங்க. முன்னெல்லாம் இங்க ஒண்ணுமே கெடையாதாமா. நனைஞ்சுக்கிட்டேதான் நிக்கோணுமாம். இது நாங்க கட்டுனதுங்க."

நான் வாயைத் திறந்தேன். பெரியவர் என் பக்கம் திரும்பாமலே, மடியில் இருந்த கையை லேசாக அசைத்து என்னைத் தடுத்தார்.

"அப்படீங்களா," என்றார் அவளிடம். நிமிர்ந்து கூரையை ஒருமுறை பார்த்தார். தூண்களைப் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்கீங்க, கண்ணு."

அவள் சிரித்தாள். குழந்தை அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கையை நீட்டியது. அவர் கழற்றி அதன் கையில் கொடுத்துவிட்டார். பஸ் வர அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஒருமுறைகூட ரோட்டைப் பார்க்கவில்லை.